தேசம்மா வாரித் தூற்றிய மண்

நம்பறவங்க நம்புங்க. நம்பாதவங்க ஒண்ணும் பண்ண வேணாம், வடக்கே போற ரயில்ல ஏறி, சங்குமேட்டுப் பாலத்தைத் தாண்டும்போது கிழக்குப் பக்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாப் போதும், ஆத்துத் தண்ணி மேல, கம்பெனிக் கேட்டை ஒட்டி, வளைஞ்சு வளைஞ்சு ஒரு மண் வரப்பு மிதந்துக்கிட்டிருக்கும், அது மேல கொக்கு உக்காந்திருக்கும். மண்ணு எப்படிய்யா மிதக்கும்னு பக்கத்து சீட்டுக்காரரைக் கேக்காதீங்க, அவரு தெனமும் பாக்கறவரு, பேப்பர்ல இருந்து தலையைத் தூக்க மாட்டாரு. அது எப்படி அங்க வந்துச்சுன்னு நான் சொல்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோவம் அதைவிட நீளம், ரெண்டையும் பொறுத்துக்கிட்டுக் கேளுங்க.

எங்க சங்குமேட்டுக்குப்பத்துல ஆம்பளைங்க கடலுக்குப் போவாங்க, பொம்பளைங்கள்ல பாதிப் பேரு ஆத்துல இறங்குவோம், இறங்கறதுன்னா குளிக்க இல்ல, கழுத்தளவு தண்ணியில குந்துன மாதிரியே நகந்து நகந்து ரெண்டு கையாலயும் அடிச் சேத்தைத் தடவி இறால் பிடிக்கறது, பிடிச்சதைப் போட்டுக்கறதுக்குப் பனையோலைப் பறியைப் பல்லால கவ்விக்கறது, காலையில கவ்வுனா வெயில் உச்சிக்கு ஏறற வரைக்கும் வாயைத் திறக்க முடியாது, அதனாலதான் கரையேறினதும் எங்க வாயிலேருந்து அவ்ளோ வார்த்தை வரும். இந்த வேலையில தேசம்மாவை அடிச்சுக்க ஆளில்ல. அவ கை தண்ணிக்குள்ள போனா இறால் தானா வந்து உள்ளங்கையில உக்காரும்னு நாங்க சொல்லுவோம், பொறாமையிலதான் சொல்லுவோம். எனக்கு எதுத்த வீட்டுக்காரி. எதுக்கெடுத்தாலும் சிரிக்கறவ. கோவம் வரும், வந்தா பட்டுனு வரும், ஆனா உலையில போட்ட அரிசி வேகறதுக்குள்ள அடங்கிடும், புருஷன் செத்தப்பகூட 'என்னை விட்டுட்டுப் போயிட்டியே பாவி'ன்னு பொணத்தை அரை நாழி திட்டிட்டு, அப்பால கன்னத்தைத் தடவி 'சரி போ, நல்லா இரு'ன்னு அனுப்பி வச்சவ. பிள்ளை இல்ல. தம்பி எத்திராஜைத்தான் அஞ்சு வயசுலேருந்து வளத்தா, அவன்தான் அவளுக்குப் பிள்ளை, அவனுக்குக் கம்பெனியில பைப் லைன் வேலை, கான்ட்ராக்ட்டு ஆளு.

கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா கேசு போடுவான், அதுவும் இல்லாம வாயை எதுக்கு அழுக்காக்கிக்கணும். ஆத்துக்கு மேல்பக்கத்துல இருக்குது, வானத்தைப் பாத்து நாலு புகைபோக்கி, ஆத்தைப் பாத்து ஒரு பெரிய வாய், அந்த வாய் ஆத்துத் தண்ணியை உறிஞ்சி உள்ள இருக்கற மிஷினையெல்லாம் குளிர வச்சிட்டுச் சூடாத் துப்பும். எண்ணெய் கொட்டிப் போச்சுன்னா தடுக்கறதுக்குன்னு அவங்களாண்ட ஒரு பூம் இருக்குது, நாங்க அதை ஆரஞ்சுப் பாம்புன்னு சொல்லுவோம். தொடை மொத்தத்துக்கு நீளமா இருக்கும், மேல்பாதி காத்தடைச்சுத் தண்ணியில மிதக்கும், கீழ்பாதி பாவாடை மாதிரி தண்ணிக்குள்ள தொங்கும், பாவாடை தூக்கிக்காம இருக்க விளிம்புல சங்கிலி வச்சிருப்பாங்க. எண்ணெய் தண்ணிக்கு மேலதானே வரும், வந்து முட்டிக்கிட்டு நிக்கும், அள்ளிடலாம். தண்ணி வேகமா இருந்தா நேர் குறுக்கா போடக் கூடாது, பாவாடைக்கு அடியில நுழைஞ்சு போயிடும், சாய்வா போடணும், அப்பதான் எண்ணெய் அதை ஒட்டியே வழுக்கிக்கிட்டுக் கரைக்கு ஒதுங்கும். இவ்ளோ விவரம் எனக்கு எப்படித் தெரியும்னா, வருஷம் தவறாம கம்பெனிக்காரங்க ஒத்திகைன்னு எங்களைக் கூட்டி வச்சு, மைக்குல விளக்கி, பாம்பை ஆத்துல போட்டுப் போட்டோ எடுத்து, எங்க கையில புளிசாதப் பொட்டலம் குடுத்துட்டு, பாம்பைச் சுருட்டி எடுத்துக்கிட்டுப் போவாங்க. புளிசாதம் நல்லாத்தான் இருக்கும், அதையும் சொல்லிடறேன்.

அந்த வருஷம் கார்த்திகை மாசத்துல புயல் வந்துச்சு. வானம் கிழிஞ்சு கொட்டுனதுல கம்பெனிக்குள்ளயும் வெள்ளம் பூந்து, உள்ள எதையெதையோ சேத்து வச்சிருந்த குழியெல்லாம் ரொம்பி வழிஞ்சு, வெள்ளம் வடியறப்ப கால்வாய் வழியா ஆத்துல வந்து விழுந்துச்சு பாருங்க எண்ணெய், கறுப்பா, கெட்டியா, மூக்குல ஏறி மண்டையை இடிக்கற நாத்தத்தோட, ஆத்தோட அகலம் பூராவும். எங்க ஆளுங்க கேட்டாண்ட ஓடினாங்க, போன் அடிச்சாங்க, பாம்பை எடுத்துட்டு வாங்கன்னு கத்தினாங்க. எடுத்துட்டு வந்தாங்க, வரலைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போவும். படகுல ஏத்திக்கிட்டு வந்து, சாய்வா, அழகா, ஒத்திகையில போட்ட மாதிரியே போட்டாங்க, எங்க ஆத்துக்கு இல்ல, அவங்க வாய்க்கு. அவங்க தண்ணி உறிஞ்சற வாய்க்குள்ள எண்ணெய் போயிடாம அதைச் சுத்தி வளைச்சுப் போட்டாங்க, அந்தச் சாய்வுல வழுக்கிக்கிட்டு அம்புட்டு எண்ணெயும் எங்க பக்கம் திரும்புச்சு, நாங்க இறால் பிடிக்கற பக்கம், அலையாத்திச் செடிங்க வேர் விட்டு நிக்கற பக்கம், இறால் குஞ்சு வந்து வளர்ற பக்கம். டீவிக்காரன் கேட்டதுக்கு, அது எங்க எண்ணெயே இல்ல, வெள்ளம் எங்கிருந்தோ அடிச்சிக்கிட்டு வந்ததுன்னு சொன்னாரு கம்பெனியோட மக்கள் தொடர்பு ஆபீசர் ரகோத்தமன். வெள்ளைச் சட்டை, மெல்லமா பேசற மனுஷன், யாரைப் பாத்தாலும் அம்மாம்பாரு, அய்யாம்பாரு.

எண்ணெய் எங்க பக்கம் திரும்பினப்ப தேசம்மா தண்ணிக்குள்ள இருந்தா. மழை விட்டதும் இறால் நிறைய வரும்னு விடிஞ்சதும் இறங்கினவ, முதுகுக்குப் பின்னால வந்ததை அவ பாக்கல, கழுத்துல சில்லுனு ஏதோ ஒட்டவும் திரும்பினா, முகம், முடி, வாயில கவ்வியிருந்த பறி எல்லாம் கறுப்பு. தட்டுத் தடுமாறிக் கரையேறி, பறியைத் துப்பிட்டு, மேல்பக்கம் பாத்தா, கம்பெனி வாயைச் சுத்தி ஆரஞ்சுக் கலர்ல வேலி பளபளன்னு தெரிஞ்சுது.

எங்க ஊர்ல மண் வாரித் தூத்தறதுன்னா சும்மா விளையாட்டு இல்ல. அதுக்கு முறை இருக்குது. முடியை அவுத்து விட்டு, நீ நின்ன எடத்து மண்ணை ரெண்டு கையாலயும் வாரி, அவங்க என்ன செஞ்சாங்கங்கறதை ஊர் கேக்கச் சொல்லித் தூத்தணும், நாசமாப் போங்கற வார்த்தைகூடத் தேவையில்ல, செஞ்சதைச் சொன்னாலே அது போய்ச் சேரும். தூத்தினதை இறக்கறதுக்கும் ஒரே ஒரு வழிதான், செஞ்சவன் அதே தண்ணியில இடுப்பளவுக்கு இறங்கி நின்னு தன் வாயால 'நான் செஞ்சேன்'னு சொல்லணும், தூத்தினவ ஒரு கை தண்ணி அள்ளி அவன் தலையில ஊத்தணும், அவ்ளோதான், மூணாவது மனுஷனுக்கு அதுல வேலை கிடையாது. என் காலத்துல ரெண்டு பேரு தூத்திப் பாத்திருக்கேன், ரெண்டும் சொத்துத் தகராறு, மண்ணு தரையில விழுந்துச்சு, அதோட சரி. தேசம்மா ஆத்தைப் பாத்துத் தூத்தினா.

"உங்க வாய்க்கு வேலி போட்டுக்கிட்டு எங்க வயித்துல ஊத்துனீங்க."

மண்ணு தண்ணியில விழுந்துச்சு, முழுகல. தவிட்டைத் தூவின மாதிரி மேலயே நின்னு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, ரெண்டு கை மண்ணு எப்படி அவ்ளோ ஆச்சுன்னு கேக்காதீங்க, இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு நீண்டுக்கிட்டே போய், தொடை மொத்தத்துக்குத் தடிச்சு, அடியில மண்ணாலயே ஒரு பாவாடை இறங்கித் தொங்குச்சு. சாய்வா நின்னுச்சு, அதான் எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம், மண்ணு மிதந்தது இல்ல, சாய்வா நிக்கணும்னு அதுக்குத் தெரிஞ்சுதே, அதுதான். எண்ணெய் வந்து முட்டுச்சு, நின்னுச்சு, வரப்பை ஒட்டி வழுக்கிக்கிட்டுக் கரைக்கு ஒதுங்குச்சு. வரப்புக்கு இந்தப் பக்கம் எங்க தண்ணி, கலங்கலா இருந்தாலும் தண்ணியாவே இருந்துச்சு.

எங்க ஆளுங்க வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கல, அதுக்கெல்லாம் நேரம் ஏது. பக்கெட்டு, மக்கு, பழைய குண்டான்னு கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஓடி, ஒதுங்கின எண்ணெயை அள்ளி அள்ளி டிரம்முல ஊத்த ஆரம்பிச்சுட்டாங்க. படகு போனா வரப்பு விலகி வழி விட்டுட்டுப் பின்னால மூடிக்குச்சு, மடவை மீன் அடியில நுழைஞ்சு போச்சு, எண்ணெய் மட்டும் போகல. மறுநாள் அம்மன் கோயில் பூசாரி மஞ்சத் தண்ணி தெளிச்சாரு, மாதா கோயில் தெருக்காரங்க மெழுகுவத்தி வச்சாங்க, காத்துல அணைஞ்சு போச்சு, ரெண்டு கோஷ்டியும் வரப்பு யாருதுன்னு கொஞ்ச நேரம் முறைச்சுக்கிட்டாங்க, அப்பால எண்ணெய் அள்ளப் போயிட்டாங்க. காலேஜ்லேருந்து வந்தவங்க பாட்டில்ல கொஞ்சம் எடுத்துட்டுப் போய் ஆராய்ச்சி பண்ணி, இது மண்ணுன்னு சொன்னாங்க. எங்க ஊர்த் தலைவர் நாட்டார் கபாலி அதைக் கேட்டுட்டு, படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னாரு.

நாங்க மத்த பொம்பளைங்களும் சும்மா இருக்கல, இன்னும் கொஞ்சம் தடிப்பா இருக்கட்டும்னு முடியை அவுத்து மண்ணை வாரித் தூத்தினோம். நானும் தூத்தினேன், என் வாய்க்கு ஈடு குப்பத்துல கிடையாது, கம்பெனிக்காரன் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துத் தூத்தினேன், தொபுக்குனு முழுகிப் போச்சு. ரொம்ப அவமானமா இருந்துச்சு. அன்னிக்கு என் கையில பாதி மண்ணு, பாதி நிவாரணம் எப்ப வரும்ங்கற நினைப்பு, அது எனக்குப் பின்னாலதான் புரிஞ்சுது.

சங்கடம் தேசம்மா தூத்தின அன்னிக்கே வந்துடுச்சு. அன்னிக்கு மத்தியானம் தேசம்மா உடம்புலேருந்த எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, குளிச்சு, சோறு வடிச்சு, எதுத்தாப்ல நாய்க்குட்டி ஒண்ணு தன் வாலையே துரத்தறதைப் பாத்துச் சிரிச்சா. ஆத்தங்கரையில சத்தம். வரப்பு நடுவுல பள்ளம் விழுந்து, எண்ணெய் நாக்கு நீட்டி இந்தப் பக்கம் ஒழுகுது. என்னா ஏதுன்னு எல்லாரும் ஓடினா, தேசம்மாவும் ஓடி வந்து, ஒழுகற எண்ணெயைப் பாத்து வயிறு எரிஞ்சா, வரப்பு மறுபடி தூக்கிக்குச்சு. ஊருக்கே விளங்கிப் போச்சு, அவ கோவம் நிக்கற வரைக்கும்தான் அது நிக்கும். குப்பத்துல எத்தனையோ பேரு தலைமுறை தலைமுறையா கோவத்தைக் கட்டிக் காக்கறவங்க இருக்க, ஆத்தா போயும் போயும் இவ கையையா பிடிச்சான்னு எங்களுக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

ஊர்க்கூட்டம் கூடுச்சு. எண்ணெயை அள்ளி முடியற வரைக்கும் தேசம்மாவுக்குக் கோவம் குறையாமப் பாத்துக்கறது ஊர்ப் பொறுப்பு, வீட்டுக்கு ஒரு ஆளு முறை வச்சுப் போகணும்னு கபாலி தீர்ப்புச் சொன்னாரு. போனாங்க. ஒருத்தன் எண்ணெய் குடிச்சு விறைச்சுப் போன வலையைக் கொண்டு வந்து அவ முன்னால போட்டான், ஒருத்தி றெக்கை ஒட்டிக்கிட்டுப் பறக்க முடியாத கூழைக்கடாவைத் தூக்கிக்கிட்டு வந்து மடியில வச்சா, ஒரு கூறுகெட்டவன் வேற ஒண்ணும் தோணாம அவ காலை மிதிச்சான், அதுக்கு அவ சிரிச்சுட்டா, வரப்பு ஒரு சாண் இறங்கிடுச்சு, அவனை அடிக்கப் போயிட்டாங்க. என் முறை வந்தா நான் ரகோத்தமன் பேட்டியை செல்போன்ல போட்டுக் காட்டுவேன். மெல்லமா, மரியாதையா, 'எங்கள் நிறுவனத்துக்கும் இந்த எண்ணெய்ப் படலத்துக்கும் தொடர்பில்லை, ஆனாலும் மனிதாபிமான அடிப்படையில்'னு அவரு ஆரம்பிக்கறதுக்குள்ள வரப்பு முழங்கால் உசரத்துக்கு எழும்பும். அந்த மனிதாபிமானத்துக்கு அவ்ளோ சக்தி.

ஆனா அவளுக்கு அது ஒத்துக்கல. கோவமா இருக்கற கையை இறால் கண்டுபிடிச்சுடும் போல, அவ கை போனா தெறிச்சு ஓடுச்சு, வெறும் பறியோட கரையேறினா. சாப்பிட்டது செரிக்கல, தூக்கம் வரல. ஒரு நாள் என் முறையில செல்போனைத் தூக்கிக்கிட்டுப் போனப்ப, என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா:

"அக்கா, கோவத்தோட தூங்கி கோவத்தோட எந்திரிக்கறது எம்மாங் கஷ்டமா இருக்குது. நீங்கள்லாம் இத்தினி வருஷமா எப்படித்தான் இருக்கீங்க?"

நான் பேட்டியைப் போட்டுக் காட்டிட்டு வந்துட்டேன்.

கம்பெனிக்கு இந்த வரப்பு மேல அப்பிடி என்ன கடுப்புன்னு கேப்பீங்க. நியாயமாப் பாத்தா அவன் எண்ணெயை நாங்க எங்க கையால அள்ளிக்கிட்டிருக்கோம், சந்தோஷம்தானே படணும். இல்ல. வரப்பு இல்லாம இருந்திருந்தா எண்ணெய் எங்க ஆத்துல பரவி, வேர்ல ஒட்டி, மிச்சம் கடலுக்குப் போய்க் கரைஞ்சிருக்கும், யாரு எண்ணெய் எவரு எண்ணெய்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். வரப்பு பிடிச்சு நிறுத்திடுச்சு. கால்வாய்லேருந்து இன்னமும் வந்துக்கிட்டிருந்த எண்ணெய் நாங்க அள்ள அள்ள மேல மேல சேந்து, பின்னாலேயே போய், கடைசியில கம்பெனிக் கால்வாய் வாசல்ல போய் நின்னுச்சு, ரயில்ல போறவங்களுக்கெல்லாம் தெரியற மாதிரி, எங்கேருந்து வந்துச்சுன்னு விரலை நீட்டிக் காட்டற மாதிரி. பெரிய எடத்துலேருந்து விசாரணைக் குழு வேற வரப் போவுதுன்னாங்க.

முதல்ல, நீர்வழிப் பாதையில அனுமதி இல்லாத கட்டுமானம்னு அதிகாரிங்களை வச்சு நோட்டீஸ் விட்டாங்க. எண்ணெய் வந்ததுக்கு ஒரு நோட்டீஸ் இல்ல, அதைத் தடுத்ததுக்கு நோட்டீஸ், இதைக் கேட்டு எனக்கு வந்த கோவத்துக்கு ஒரு ஊரையே கொளுத்தியிருப்பேன். வரப்பு மேல ஒட்ட முடியாம ஓரமா நின்ன கட்டுமரத்துல ஒட்டிட்டுப் போனாங்க. அப்பால பொக்லைன் வந்துச்சு, மண்ணை அள்ளி லாரியில ஏத்தி ஊருக்கு வெளிய கொட்டுச்சு. மண்ணு ரோட்டோரமாவே திரும்பி வந்துச்சு, சிக்னல்ல டிராபிக் போலீஸ் கையைக் காட்டி வண்டியையெல்லாம் நிறுத்தி அதுக்கு வழி விட்டாரு, லாரிக்காரங்க ஆரன் அடிச்சாங்க, சாயங்காலத்துக்குள்ள ஆத்துல இறங்கிடுச்சு. அதுக்கும் அப்பால மருத்துவ முகாம், போர்வை, மிக்சி. தேசம்மாவுக்கு ரகோத்தமன் தன் கையாலயே பட்டுச் சேலை கொண்டு வந்து, காலைத் தொட்டுக் கும்பிட்டாரு. அவ பதறிப் போய் அவரைத் தூக்கி, மோர் குடுத்தா. வரப்பு ஆடுச்சு, நான் ஓடிப் போய் செல்போன்ல அவரு பேட்டியை அவரு முன்னாலேயே போட்டேன்.

அவருக்கு இறக்கற முறையை எங்க ஆளு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். எவன்னு எனக்குத் தெரியும், பொழைச்சுப் போறான். குழு வர்றதுக்கு முந்தின நாள் காலையில ரகோத்தமன் ரெண்டு கேமராக்காரங்களோட ஆத்தங்கரைக்கு வந்தாரு, ஊரையே கூப்பிட்டாரு, செஞ்சவரே வந்திருக்காருன்னாரு. நாங்க முதலாளி வருவான்னு பாத்தோம், மேனேஜராவது வருவான்னு பாத்தோம். காருக்குள்ளேருந்து இறங்கினது எத்திராஜ்.

மடிப்புக் கலையாத புதுச் சட்டை, மார்புல கம்பெனி முத்திரை. அவன் பொண்டாட்டி செல்வராணிக்கு அப்ப மாசம் நிறைஞ்சிருந்துச்சு. சொன்னா வேலை பெர்மனென்ட்டு, கேசு கீசு வராம நாங்க பாத்துக்கறோம், சொல்லலேன்னா கான்ட்ராக்ட்டும் கிடையாதுன்னு அவனை உக்கார வச்சுப் பேசியிருக்காங்க. அவன் யாரையும் பாக்காம தண்ணியில இறங்கி, இடுப்பளவுக்குப் போய் நின்னு, மனப்பாடம் பண்ணின மாதிரி சொன்னான்.

"நான்தான் செஞ்சேன். நான்தான் வால்வை மூட மறந்துட்டேன்."

வெள்ளம் வந்தப்ப எத்திராஜ் கம்பெனியிலேயே இல்ல. எங்க தெருவுல கழுத்தளவு தண்ணியில என் வீட்டு ஃபிரிட்ஜைத் தலையில தூக்கிக்கிட்டுப் போய் பள்ளிக்கூட மாடியில வச்சான், நடக்க முடியாதவங்களை முதுகுல சுமந்தான், குப்பம் மொத்தமும் பாத்துச்சு. இப்ப குப்பம் மொத்தமும் நின்னுக்கிட்டு வாயை மூடிக்கிட்டிருந்துச்சு. பொய்யின்னு சொன்னா அவன் வேலை போச்சு. ஆமான்னு தலையாட்டினா ஆறு போச்சு, நாளைக்குக் குழு வந்து பாக்கறப்ப கால்வாய் வாசல்ல எண்ணெய் இருக்காது, எங்க வேர்ல இருக்கும், பழி மட்டும் இவன் தலையில இருக்கும். கபாலி தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, அவன்தான் சொல்லிட்டானே தேசம்மா, முறைப்படி தண்ணியை ஊத்திடுன்னாரு. அவரு குரல்ல ஒரு அவசரம் இருந்துச்சு. ஊருக்கு மீன் ஏலக்கூடம் கட்டித் தரதா கம்பெனி சொல்லியிருந்ததும் எங்களுக்குத் தெரியும்.

தேசம்மா தம்பியைப் பாத்தா. குளிர்ல அவன் தாடை ஆடுது. அவளுக்குக் கோவம் எங்க நிக்கும், அவன் மேல இருந்த பாசத்துல அது அப்படியே உருகுது, வரப்பு எங்க கண்ணு முன்னாலேயே அமுங்குது, ஒரு சாண், ரெண்டு சாண், எண்ணெய் விளிம்பைத் தொட்டு இந்தப் பக்கம் எட்டிப் பாக்குது, கேமராக்காரன் நல்லா பதியணும்னு முன்னால வர்றான். அவ தண்ணியில இறங்கினா. அவனாண்ட போனா. கையைக் குவிச்சுத் தண்ணியை அள்ளினா. எங்க பொம்பளைங்க சில பேரு கண்ணை மூடிக்கிட்டோம். அவ அந்தத் தண்ணியை அவன் தலையில ஊத்தல. அவன் மூஞ்சியைக் கழுவி விட்டா, சின்னப் பிள்ளையில கழுவி விட்ட மாதிரியே, கண்ணு, மூக்கு, வாயி எல்லாம் தேச்சு, முந்தானையால துடைச்சா.

"ஊட்டுக்குப் போய் ஈரத்தை மாத்துடா. செல்வராணி தனியா இருக்கும்."

அப்பால ரகோத்தமன் பக்கம் திரும்பினா. நான் தூத்துனது என் தம்பி மேல இல்லையே சார், இவன் சொன்னா எப்படி இறங்கும், ஷூவைக் கழட்டிட்டு நீங்க இறங்குங்க, இல்லாட்டி உங்களுக்கு மேல இருக்கறவரை வரச் சொல்லுங்க, இடுப்பளவு தண்ணிதான்னு அவ கூப்பிட்டா, விருந்துக்குக் கூப்பிடற மாதிரி அமைதியா. அவரு வாட்சைப் பாத்தாரு, ஆத்தைப் பாத்தாரு.

"அதைச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்லம்மா"ன்னாரு.

சொல்றதுக்கு அதிகாரம் இல்லையாம். ஊத்தறதுக்கு இருந்துச்சு. என் தம்பி மாதிரி இருந்த பையனை முழுக்காட்டிச் சொல்ல வைக்கறதுக்கு இருந்துச்சு. எங்க பொம்பளைங்களுக்கு அப்ப ஒரு கோவம் வந்துச்சு பாருங்க, அது சுடவே இல்ல. தேசம்மா முடியை அவுக்கல, கத்தல. எத்திராஜ் நின்ன எடத்துல குனிஞ்சு, தண்ணிக்கு அடியிலேருந்து ஈர மண்ணை அள்ளி, அமுங்கிப் போன வரப்பு மேல வச்சா, சுவத்துக்கு மண் பூசற மாதிரி வச்சு அழுத்தினா. நான் இறங்கினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு எல்லாரும் இறங்கினோம். ஒருத்தி ஒரு வார்த்தை பேசல. என் கையிலேருந்த மண்ணை நான் வச்சேன், நிவாரணம் நினைப்புல இல்ல, அது முழுகல.

வரப்பு எழும்புச்சு. எழும்பி நகந்துச்சு. கரையை விட்டுப் பிடுங்கிக்கிட்டு, தண்ணி ஓட்டத்துக்கு எதிரா, முன்னால இருந்த எண்ணெயை மொத்தமாத் தள்ளிக்கிட்டு மேல போச்சு, மெதுவாத்தான் போச்சு, பின்னாலேயே நாங்க கரையோரமா நடந்து போற வேகத்துக்கு. கம்பெனி வாயாண்ட போனதும் ஆரஞ்சுப் பாம்பு கட்டு அவுந்து தனியா மிதந்து வந்து எங்க கரையில ஒதுங்குச்சு, இப்ப அது எங்க ஊர்ல வலை காயப் போடறதுக்கு ஆவுது. மண் வரப்பு கம்பெனியை வளைச்சுக்கிச்சு. அவன் எண்ணெய் அவன் வாய்க்குள்ள போச்சு. கொஞ்ச நேரத்துல உள்ள ஏதோ இருமுற மாதிரி சத்தம் வந்து, நாலு புகைபோக்கியிலயும் புகை நின்னுச்சு. நான் பொறந்ததுலேருந்து அந்தப் பக்கத்து வானத்தை அப்பிடிப் பாத்ததே இல்ல.

குழு வந்துச்சு, கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாத்துச்சு, போச்சு. கம்பெனி அறிக்கை விட்டுச்சு: ஆத்துலேருந்து அடையாளம் தெரியாத எண்ணெய் எங்க வளாகத்துக்குள்ள புகுந்துடுச்சு, நாங்கதான் பாதிக்கப்பட்டவங்க, எங்களுக்கு நியாயம் வேணும். இதைப் படிச்சுட்டு எங்க டீக்கடையில சிரிக்காதவன் கிடையாது. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள போலீஸ் வந்து எத்திராஜைக் கூட்டிட்டுப் போச்சு. தண்ணியில நின்னு அவன் சொன்ன வீடியோதான் சாட்சி. செல்வராணிக்குப் பொட்டைப் பிள்ளை பொறந்தப்ப அவன் உள்ள இருந்தான். ஜாமீன்ல வந்துட்டான், இப்ப மாமன் படகுல போறான், ஆனா வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு நடக்கறான், ஒவ்வொரு வாட்டியும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டறாங்களாம், குளிர்ல தாடை ஆடறது நல்லாத் தெரியுதாம்.

தேசம்மா மறுபடி சிரிக்கறா. இறால் மறுபடி அவ கைக்கு வருது. தம்பி மகளைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கொஞ்சறா, நாய்க்குட்டி வாலைத் துரத்தினாச் சிரிக்கறா, சிரிச்சா முன்னெல்லாம் வரப்பு இறங்குமில்ல, இப்ப ஒரு நகக்கண்ணு இறங்கறதில்ல. அவளுக்குக் கோவமூட்ட யாரும் முறை வச்சுப் போறதில்ல. பொக்லைன் வந்தா வரட்டும்னு நாங்க எங்க வேலையைப் பாக்கறோம். கம்பெனி அரிசி மூட்டை அனுப்பினா வாங்கிக்கறா, பொங்கித் தின்னுட்டு நல்லாத்தான் இருக்குதுன்றா, வரப்பு அப்படியே நிக்குது. தண்ணியில இறங்கி 'நாங்க செஞ்சோம்'னு அவங்க சொன்னா அன்னிக்கே வரப்பும் இறங்கிடும், எத்திராஜ் கேசும் உடைஞ்சுடும், அது அவளுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.

ரகோத்தமனை மாத்திட்டாங்க. புதுசு புதுசா ஆபீசருங்க வர்றாங்க, கேட்டாண்ட காரை நிறுத்தி, கறுத்துப் போன தண்ணியோட ஓரத்துல ஷூ நனையாம நின்னு, வரப்பைப் பாக்கறாங்க, எங்களைப் பாக்கறாங்க. போன வாரம்கூட ஒருத்தர் வந்து, மீன் கூடையோட போய்க்கிட்டிருந்த என்னை நிறுத்தி, இந்த எடத்துல ஆழம் எவ்வளவும்மா இருக்கும்னு கேட்டாரு.

இடுப்பளவுதான், இறங்குய்யான்னேன்.